கேட்டாத்தான் பேசணும்

உன் டோக்கன் எத்தினி, தம்பி? நூத்தி அறுபத்தெட்டா. என்னுது நூத்தி நாப்பத்திமூணு. ஓடறது அம்பத்தொம்பது. ஓடறதுன்னு சொல்லக் கூடாது, நிக்குது. கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாம். அந்த போர்டுல அம்பத்தொம்பதுன்னு சிவப்பா எரியுது பாரு, முக்கால் மணி நேரமா அதையேதான் பாத்துக்கினு இருக்கேன். இப்படி மர நெழல்ல வா. பையைக் கீழ வை, ஒருத்தனும் தொட மாட்டான். இந்த மிலிட்டரி கேன்டீன் வரிசையில நிக்கறவன் அத்தினி பேரும் பட்டாளத்துல இருந்து வந்தவன், இல்லன்னா அவன் பொண்டாட்டி. நமக்கு வேற இன்னா தெரியும், வரிசையில நிக்கத் தெரியும்.

கொஞ்ச முன்னாடி அந்த கிளார்க்குகிட்ட நீ கேட்டது காதுல விழுந்துச்சு. தப்பா எடுத்துக்காத. உன் பொண்ணு ஆபீசர் அகாடமி பரிட்சை எழுதப் போறா, பாரத்துல அப்பன் சர்வீஸ் விவரத்தை எப்படி எழுதறதுன்னு கேட்ட இல்ல? அவனுக்கு இன்னா தெரியும், அவன் சோப்பு விக்கறவன். என்னைக் கேளு. என் பையன் மூணு தடவை எழுதினான். மூணு தடவையும் பாஸ். மூணு தடவையும் அஞ்சு நாள் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த ஜில்லாவுல இந்த விஷயத்துல என்னைவிட அனுபவம் உள்ளவன் உனக்குக் கிடைக்க மாட்டான்.

சிரிக்கறியா. சிரி, பரவால்ல. ஊரே சிரிச்சு முடிச்சிட்டுது.

என் பேரு முனிரத்தினம். ஹவில்தாரா ரிட்டயர் ஆனேன். இருபத்திநாலு வருஷ சர்வீஸ், அதுல பத்தொம்பது வருஷம் ஆபீசர் மெஸ்ஸுல. மெஸ்ஸுன்னா சோறு போடற வேலைதானேன்னு நினைக்காத. ஒரு ஆபீசர் எப்படி உக்காருவார், எப்படி எழுந்திருப்பார், சூப்பை எந்தப் பக்கம் சாய்ச்சுக் குடிப்பார், எந்த ஸ்பூனை எப்ப எடுப்பார், எனக்குத் தெரியாதது கிடையாது. பத்தொம்பது வருஷம் அவங்க நாற்காலிக்குப் பின்னாடி ரெண்டடி தள்ளி நின்னவன் நான். ஒரு நாள் ஒரு கிளாஸ் உடைஞ்சது கிடையாது. ஒரு சார்ஜ், ஒரு தண்டனை கிடையாது. நான் ரிட்டயர் ஆகற அன்னிக்கு எங்க சி.ஓ. சாப், யூனிட்டுக்கே பெரிய ஆபீசர், என் தோள் மேல கை போட்டு, "முனிரத்தினம், நீ ரூம்ல இருக்கறதே தெரியாதுய்யா, அவ்ளோ நல்ல ஆளு"ன்னார். எத்தினி பேருக்குக் கிடைக்கும் அந்த வார்த்தை. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட சொன்னேன், அவ என் பையைத் தூக்கிக்கினு உள்ள போயிட்டா.

போன் அடிக்குது, ஆமா. அவதான். கோமளா. அடிக்கட்டும்.

என் பையன் கிரி. கிரிதரன். அவன் பொறந்த சேதி வந்தப்ப நான் ஒரு பார்ட்டியில டிரே புடிச்சுக்கினு நிக்கறேன். லீவு கேக்கலாம்னு மேஜர் சாப் பக்கத்துல போனேன். அவரா முகத்தைப் பாத்து இன்னா விஷயம்னு கேட்டா சொல்லிடலாம்னு நின்னேன். அவர் கேக்கல. ஐஸ் எடுத்துக்கினு வான்னார். எடுத்துக்கினு வந்தேன். நாப்பது நாள் கழிச்சுதான் புள்ளை முகத்தைப் பாத்தேன். ஆனா அன்னிக்கே, அந்த டிரேயோட நிக்கறப்பவே முடிவு பண்ணிட்டேன், இவனை அந்த நாற்காலியில உக்கார வைக்கணும்னு. பின்னாடி நிக்கறது என்னோட போகட்டும்.

பொய் சொல்லக் கூடாது, படிப்புல பையன் கெட்டி. பன்னெண்டாவது முடிக்கறதுக்கு முன்னாடியே எழுதினான், பாஸ் பண்ணிட்டான். எனக்குக் காலு தரையில நிக்கல. தெரு முனையில பிளெக்ஸ் வச்சேன். பத்தடிக்கு எட்டடி. இந்தப் பக்கம் நான் யூனிபார்ம்ல, அந்தப் பக்கம் அவன், நடுவுல ஒரு பீரங்கி. "வருங்கால லெப்டினன்ட்"னு போட்டேன். எழுத்துப் பரிட்சைதானே நைனா ஆகியிருக்குது, இன்னும் அஞ்சு நாள் தேர்வு இருக்குதுன்னு பையன் முணுமுணுத்தான். உன்னைக் கேட்டாங்களாடான்னேன். உள்ள போயிட்டான். நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான், அப்படி வளத்து வச்சிருந்தேன்.

அந்த அஞ்சு நாள் தேர்வுக்கு ஊர்ல கோச்சிங் சென்டருங்க இருக்குது. வாசல்ல கோட்டு போட்டவன் படம் ஒட்டியிருப்பான். அவன் பட்டாளத்தைக் கண்ணால பாத்திருப்பானா? நான் எதுக்குடா இருக்கேன்னேன். நானே டிரெயினிங் குடுத்தேன். உன் பொண்ணுக்கும் சொல்லு, எழுதிக்கிட்டாலும் சரி. மூணே மூணு பாடம். ஒண்ணு, கேட்டாத்தான் பேசணும். ரெண்டு, ஆபீசர் கண்ணைப் பாக்கக் கூடாது, அவர் தலைக்கு மேல ஒரு ஜாண் உசரத்துல பாக்கணும். மூணு, யாரையும் முந்திக்கினு போகக் கூடாது. இந்த மூணும் இருந்துச்சுன்னா பட்டாளத்துல உன்னை ஒருத்தன் ஒண்ணும் பண்ண முடியாது.

பாடம்னா வாயால சொல்றது இல்ல, செஞ்சு காட்டினேன். எங்க வீட்டு பிரிட்ஜ் மேல என் பழைய தொப்பியை வச்சேன். உக்காந்த ஆபீசர் தலைக்கு மேல ஒரு ஜாண்னா சரியா அந்த உசரம்தான் வரும். காலையில அஞ்சு மணிக்கு பையனை எழுப்பி பிரிட்ஜுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வைப்பேன். நான் பின்னாடி நின்னு கேள்வி கேப்பேன், அவன் தொப்பியைப் பாத்துப் பதில் சொல்லுவான். ஒரு வருஷம் தம்பி, ஒரு நாள் தவறாம. பால் எடுக்க வர்றப்பெல்லாம் எங்க வீட்டுல தலையில அடிச்சுப்பா, ஆளைப் பாத்துப் பேசச் சொல்லிக் குடுய்யா, எதுக்குப் பொட்டியைப் பாத்துப் பேசறான்னு. பொம்பளைக்கு இன்னா தெரியும்.

மொதல் தடவை மொதல் நாளே அனுப்பிட்டாங்க. அங்க இன்னா பண்ணுவாங்கன்னா, ஒரு மங்கலான படம் காட்டுவாங்க. அதை வச்சு ஒரு கதை எழுதணும். அப்புறம் பதினஞ்சு பசங்களை வட்டமா உக்கார வச்சு, எல்லாரும் கலந்து பேசி ஒரே கதையா ஆக்குங்கன்னு விட்டுடுவாங்க. இவன் உக்காந்திருக்கான். மத்ததுங்க எல்லாம் கர்னல் புள்ளை, பிரிகேடியர் புள்ளை, வயித்துலயே இங்கிலீஷ் பேசிக்கினு வந்ததுங்க. மாட்டுச் சந்தையில தரகுக்காரனுங்க மாதிரி ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கத்தறானுங்க. என் பையன் அவனைக் கேக்கட்டும்னு காத்துக்கினு இருந்தான். இருபது நிமிஷம். பதினஞ்சு பேர்ல ஒருத்தன் கூட, ஏம்பா நீ இன்னா நினைக்கறன்னு கேக்கல. இன்னா வளர்ப்பு பாரு. சாயந்திரம் நம்பர் படிச்சாங்க, இவன் நம்பர் வரல, மறுநாள் ரயில்ல வந்து இறங்கிட்டான்.

நான் மனசு விடல. பிளெக்ஸையும் எடுக்கல. அதுல தேதி போடலயே.

ரெண்டாவது தடவை அஞ்சு நாளும் இருந்தான். இதை நல்லாக் கேளு தம்பி, இங்கதான் அநியாயம். மார்ல ஒரு நம்பர் கட்டி விடுவாங்க, அஞ்சு நாளைக்கு அதுதான் உன் பேரு. எங்க தங்கினாலும், எங்க சாப்பிட்டாலும் அந்த நம்பரோடதான். மொதல் நாள் சாப்பாட்டு ஹாலுக்குப் போயிருக்கான். சூப்பு, ஸ்பூனு, முள்ளு, ஒண்ணுலயும் தப்பு இல்ல. பசங்க எல்லாம் தின்னுட்டு தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்து போறானுங்க. இவன் பாத்தான். எழுந்தான். இவன் மேஜையில இருந்த எட்டுத் தட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினான், எச்சில் ஸ்பூனை எல்லாம் மேல் தட்டுல சேத்தான், இடது கையில ஏந்திக்கினு உள்ள கொண்டு போய் வச்சான். நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் குடுத்ததில்ல, தானா வந்திருக்குது. அங்க மெஸ்ஸுல வேலை செய்யற ஒரு வயசான ஆளு இவனைத் தனியாக் கூப்பிட்டு, நாளையில இருந்து இதைப் பண்ணாதப்பா, நீ இதுக்கு வரலன்னாராம். பொறாமை. நம்மளைவிட சுத்தமா அடுக்கறானேன்னு பொறாமை. இவன் அஞ்சு நாளும் விடாம பண்ணினான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்க. என் புள்ளை பந்திக்கும் பிந்தினான், படைக்கும் பிந்தினான்.

நேர்காணல்ல முக்கால் மணி நேரம் ஒரு பெரிய ஆபீசர் கேள்வி கேட்டிருக்கார். இவன் பாடம் மறக்கல. அவர் தலைக்கு மேல ஒரு ஜாண். அவர் ரெண்டு தடவை திரும்பிப் பின்னாடி சுவத்தைப் பாத்தாராம், அங்க இன்னா இருக்குதுன்னு. மூணாவது தடவை, தம்பி, அங்க பல்லி கில்லி இருக்குதான்னு கேட்டாராம். நோ சார்னான். அதுக்கு மேல அவர் கேக்கல, இவன் சொல்லல. சரியாத்தானே இருந்திருக்கான்?

அப்புறம் அந்தப் பலகை விவகாரம். தரையில ரெண்டு கோடு கிழிச்சு, நடுவுல இருக்கறது ஆறுன்னு சொல்லுவாங்க. ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கட்டை குடுப்பாங்க. எட்டு பேரும் சாமானோட அந்தப் பக்கம் போகணும், காலு தரையில படக் கூடாது. லீடர்னு யாரையும் சொல்ல மாட்டாங்க. ஒரு பஞ்சாபிப் பையன் தானே பெரிய ஆள் மாதிரி, இங்க போடு, அங்க போடுன்னு கத்தியிருக்கான். அவன் சொன்ன மாதிரி போட்டா பலகை எட்டல. இவன் இன்னா பண்ணினான்னா, பலகை முனையைத் தோள்ல தாங்கிக்கினு குந்திட்டான். ஏழு பேரும் இவன் தோள் மேலயே மிதிச்சுக்கினு தாண்டினானுங்க. தாண்டி முடிக்கறப்ப விசில் அடிச்சிட்டாங்க. இவன் இந்தப் பக்கமே நின்னுட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டறான், தோள்ல பூட்ஸ் தடம் அப்படியே கன்னிப் போயிருக்குது. கத்தினவனை எடுத்துக்கிட்டாங்க, சொமந்தவனை அனுப்பிட்டாங்க. இன்னா நியாயம் இது? நீயும் பட்டாளத்துல இருந்தவன்தானே, நீ சொல்லு.

இன்னொண்ணு கேளு. வந்து ஒரு வாரம் கழிச்சு அவன் நோட்டை எடுத்துப் பாத்தேன். உள்ள படம் படமா வரைஞ்சு வச்சிருக்கான். அந்தக் கோடு, அந்தப் பலகை, அந்தக் கயிறு. கட்டையை நடுவுல நிறுத்தி, பலகையை அது மேல போட்டு, கயித்தை இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினா பத்து நிமிஷத்துல எட்டு பேரும் தாண்டிடலாம்னு அம்புக்குறி போட்டு எழுதியிருக்கான். அந்த மாதிரி நாலு படம், அங்க வச்ச நாலு தடைக்கும் ஒவ்வொண்ணு. எப்படா யோசிச்சன்னு கேட்டேன். அங்கயே, பாத்த உடனே தெரிஞ்சுது நைனான்னான். அப்ப ஏன்டா சொல்லலன்னேன்.

"யாரும் கேக்கலயே, நைனா."

கை ஓங்கிட்டேன். அப்புறம் எறக்கிட்டேன். அவன் மேல இன்னா தப்பு, பாடத்தை மறக்காம இருந்திருக்கான். கேக்காதது அவனுங்க தப்பு.

இன்னும் அம்பத்தொம்பதுதான். கம்ப்யூட்டர்காரன் டீ குடிக்கப் போயிருப்பான். ஆபீசர் கவுண்டரைப் பாத்தியா, அந்தப் பக்கம், ஒரு ஈ காக்கா இல்ல. வர்றவர் நேரா உள்ள போய் வாங்கிக்கினு வந்துடுவார். அந்தக் கதவுலதான் தம்பி என் பையன் போக வேண்டியது. நானும் கூடப் போயிருப்பேன், பையைத் தூக்கிக்கினு.

மூணாவது தடவைதான் கடைசி. வயசு தாண்டிடும். பத்தொம்பதரை. கடைசி நாள் கான்பரன்ஸ்னு ஒண்ணு இருக்குது, உன் பொண்ணுக்குத் தெரியும். அத்தினி ஆபீசரும் அரைவட்டமா உக்காந்திருப்பாங்க, ஒவ்வொரு பையனையா கூப்பிட்டு ஒண்ணு ரெண்டு கேள்வி கேப்பாங்க. போன தடவை இவனைக் கேட்டது, தேர்வாகலன்னா இன்னா பண்ணுவன்னு. அதுக்கு நான் சொல்லிக் குடுத்திருந்தேன், மறுபடி முயற்சி பண்ணுவேன் சார்னு. அப்படியே சொல்லியிருந்தான். இந்தத் தடவையும் அதே கேள்வி. ஆனா இந்தத் தடவை மறுபடி கிடையாதே, வயசு முடிஞ்சுதே. அதை நான் யோசிக்கல. என் தப்புதான், ஒத்துக்கறேன். அந்தப் பதிலை மாத்திக் குடுக்க மறந்துட்டேன். பையன் நின்னான். சுவத்தைப் பாத்தான். அப்புறம் சொன்னான்.

"எங்க அப்பா இன்னும் சொல்லல, சார்."

பாரு தம்பி. பதினஞ்சு ஆபீசருக்கு முன்னாடி. எந்தப் பையன் சொல்லுவான் இந்தக் காலத்துல? எனக்கு இதைக் கேட்டப்ப கண்ணு கலங்கிப் போச்சு. அவனுங்க சிரிச்சிருக்கானுங்க. ஒரு லேடி ஆபீசர் மட்டும் சிரிக்கலயாம். கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சிட்டு, சரி, நீ இன்னா நினைக்கறன்னு கேட்டாங்களாம். இன்னா கேள்வி அது? பாடத்துல இல்லாத கேள்வி. இவன் நின்னுக்கினே இருந்திருக்கான். போகலாம்னுட்டாங்க. சாயந்திரம் எட்டு நம்பர் படிச்சாங்க, இவனுது இல்ல. முடிஞ்சுது. ரெண்டு வருஷம், மூணு தடவை, முடிஞ்சுது.

பிளெக்ஸை நானே போய் கழட்டினேன். இப்ப அது எங்க மாட்டுக் கொட்டாய் மேல வெய்யிலுக்கு மறைப்பாக் கிடக்குது. என் முகம் இருக்கற பக்கம் கிழிஞ்சு போச்சு. அவன் முகம் மேல பாத்துக்கினு இருக்குது.

வந்தவன் மூணு வாரம் வீட்டுலயே கிடந்தான். சாப்பிடுன்னா சாப்பிட்டான், படுன்னா படுத்தான். நானும் யோசிச்சுக்கினு இருந்தேன், இவனை இன்னா பண்றதுன்னு. முடிவு பண்ணிட்டேன். வர்ற திங்கக்கிழமை ஜவான் ஆள் எடுப்பு இருக்குது இல்ல, அதுல போகட்டும். ஓடுவான், உசரம் இருக்குது, மார்பு இருக்குது. நாலு வருஷ சர்வீஸ்னு சொல்றாங்க, சொல்லட்டும். உள்ள போயிட்டா வழி இருக்குது, உள்ள இருந்தே ஆபீசர் ஆனவங்களை நான் பாத்திருக்கேன். எத்தினி பேரா? ஒருத்தரைப் பாத்திருக்கேன். ஒருத்தர் போதாதா?

அப்பதான் போன வாரம் சாப்பிடறப்ப கேட்டான். நைனா, பாலிடெக்னிக்ல சிவில் படிக்கட்டுமா, பன்னெண்டாவது படிச்சிருந்தா நேரா ரெண்டாவது வருஷம் சேத்துக்கறாங்க, எனக்கு சீட்டு வந்திருக்குதுன்னான். எனக்குத் தெரியாம எழுதிப் போட்டிருக்கான். இவன் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது. இன்னாடா அது சிவில்னு கேட்டேன். பாலம் கட்டறது நைனான்னான். கொத்தனார் வேலைக்கு ஒரு படிப்பான்னேன். ஆனையைக் கட்டித் தீனி போட்டு வளத்து, கடைசியில கோயில் வாசல்ல பிச்சைக்கு நிறுத்தற கதையா இருக்குதுன்னேன். அந்த நோட்டு மட்டும் தட்டுக்குப் பக்கத்துல இருந்துது.

சேர்றதுக்குக் கடைசி நாள் இன்னிக்கு. சாயந்திரம் நாலு மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட்டோட நேர்ல வந்து நிக்கணுமாம். வீட்டுல இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம். சர்டிபிகேட் எல்லாம் என் ட்ரங்க் பொட்டியில இருக்குது, பட்டாளத்துல இருந்து கொண்டு வந்த கறுப்புப் பொட்டி. பூட்டியிருக்கேன். சாவி இதோ, அரணாக்கயித்துல. அவ கேட்டா, குடுக்கல. அவன் கேக்கல. காலையில குளிச்சு, சட்டை இஸ்திரி போட்டுக்கினு, வாசல் கேட்டாண்ட வந்து நின்னான். "நைனா, இன்னிக்கு நாலு மணி"ன்னான். வந்து சொல்றேன்டான்னு பையை எடுத்துக்கினு இங்க வந்துட்டேன்.

இன்னா பாக்கற? வீட்டுல சோப்பு இல்ல. இருக்குது, ஒண்ணு ரெண்டு இருக்குது. பட்டாளத்துக்காரன் தீர்ந்தப்புறம் வாங்க மாட்டான். அதுவும் இல்லாம யோசிக்கணும் இல்ல? வீட்டுல அவ முகத்தைத் தூக்கி வச்சுக்கினு இருந்தா எப்படி யோசிக்கறது. வரிசையில நின்னா எனக்கு யோசனை நல்லா வரும்.

வேணாம் தம்பி, நீ எனக்கு வாங்கி வைக்க வேணாம். என் கார்டுல நான்தான் வாங்கணும். டோக்கனை விட்டுட்டுப் போனா மறுபடி மொதல்ல இருந்து நிக்கணும். மணி இன்னா ஆச்சு? ரெண்டேகாலா. இன்னும் நேரம் இருக்குது. மூணுக்குள்ள பஸ் ஏறினா போதும். நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல. குடுக்கறேன்னும் சொல்லல. யோசிக்கறேன்னுதான் சொன்னேன். அவன் எங்கயும் போக மாட்டான். கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பான், நான் போய் முடிவு சொல்ற வரைக்கும் காலை மாத்திக் கூட வைக்க மாட்டான். அதுக்குத்தானே சொல்றேன், இந்தப் பையனைப் போய் வேணாம்னானுங்களே.

உன் பொண்ணை ஞாயித்துக்கிழமை அனுப்பி வை. பிரிட்ஜ் இருக்குது, தொப்பி இருக்குது. இன்னா, அவ நல்லாப் பேசுவாளா? வாயாடியா? கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிடலாம்.

ஓடுது பாரு, அறுபது. அறுபத்தொண்ணு. வந்துட்டுதுப்பா கம்ப்யூட்டர்.

மறுபடி அவதான். நாலாவது தடவை. இரு, எடுத்துத்தான் தொலைக்கறேன், இல்லன்னா விட மாட்டா.

இன்னாடி? கேன்டீன்லதான். இன்னும் ஆகல. இரு, மெதுவா சொல்லு. எப்படித் திறந்தான்? சாவி என்கிட்டல்ல இருக்குது. பூட்டை உடைச்சிட்டானா? உடைக்கலயா? பின்ன எப்படிடி? எப்ப? தனியாவா? நீ ஏன் புடிச்சு நிறுத்தல? சரி. சரி. இன்னா சொல்லச் சொன்னான்? மறுபடி சொல்லு. ம். வை.

ஒண்ணும் இல்ல தம்பி. ஒண்ணும் இல்ல.

போயிட்டானாம். ரெண்டு மணி பஸ்ஸுல. ட்ரங்க் பொட்டி திறந்து கிடக்குதாம். பூட்டு பூட்டினபடியே தொங்குதாம். பின்பக்கம் கீல் இருக்குது பாரு, மூடியையும் பொட்டியையும் சேக்கற கீலு, அதுல ஊடால ஒரு கம்பி ஆணி போகும். ரெண்டு பக்கமும் அதை அடியில இருந்து தட்டி மேல உருவிட்டானாம். மூடியைப் பின்பக்கமாத் தூக்கி எடுத்துக்கிட்டானாம். பத்து நிமிஷம்தான் ஆச்சுன்றா. என் மெடல் டப்பா, என் டிஸ்சார்ஜ் புக்கு, யூனிபார்மு, எல்லாம் மடிச்சது மடிச்சபடி இருக்குதாம். அவன் காகிதம் மட்டும் எடுத்திருக்கான். ஆணியை ரெண்டையும் தொடைச்சு மூடி மேலயே வச்சிட்டுப் போயிருக்கான்.

இருபத்திநாலு வருஷம் அந்தப் பொட்டி என்கூட ரயில்ல வந்துது. இத்தினி நாள்ல அதுக்குப் பின்னாடி ஒரு வழி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.

போறப்ப அவன் அம்மாகிட்ட ஒண்ணு சொன்னானாம். நைனா வந்து கேட்டா, கேக்காமத்தான் எடுத்தேன்னு சொல்லும்மான்னானாம்.

கேக்காமத்தான் எடுத்தானாம். யாரும் உத்தரவு குடுக்கல. யாரு முகத்தையும் பாத்துக்கினு நிக்கல. அவனா பாத்திருக்கான், அவனா யோசிச்சிருக்கான், அவனா முடிச்சிட்டுக் கிளம்பிட்டான். இதைத்தானே தம்பி, அந்தப் பலகையாண்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஏழு பேருக்கு முன்னாடி பண்ணியிருந்தா இன்னாவாம்? அங்க நின்னான் மரம் மாதிரி. என் பொட்டியாண்ட வந்து காட்டறான்.

யார்கிட்ட கத்துக்கிட்டான் இதை? சாமி சத்தியமா சொல்றேன் தம்பி, நான் சொல்லிக் குடுக்கல.